மாதம் நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்

அம்பத்தூர் எஸ்டேட்டில்
பிளாஸ்டிக் மூடி வார்க்கும் கம்பெனிக்கு மேல்மாடி.
வெளியே அக்னி நட்சத்திரம்.
உள்ளே நாற்பத்தியொரு சர்வர்களுக்காக எப்போதும் மார்கழி,
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான்.

புகார்ப் பெட்டியைத் திறந்து படிப்பது என் வேலை.
ஜெபக்கனி என்று மேஜையில் பலகை இருக்கிறது.
கடிதங்கள் எல்லாம் ‘ஐயா’ என்றே தொடங்கும்.

ஐயா,
வெள்ளிக்கிழமை வெளியான எங்கள் படம்
சனிக்கிழமை விடிவதற்குள்
உங்கள் பதினேழாம் எண் பெட்டியில் இருக்கிறது.
வைத்தவர் யார்?
இடம் கொடுத்த நீங்களும் உடந்தை.

வைத்தவர் மாதம் நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் கட்டுகிறவர்.
பெயர்: கோல்டு ஸ்டார்.
விலாசம்: ஊரே இல்லாத ஒரு பின்கோடு.

நஷ்ட ஈடு என்ற சொல்லுக்குப் பிறகு வந்த
பூஜ்ஜியங்களை எண்ணினேன்.
கீழ்த்தளத்தையும் சேர்த்து விற்றால்தான் கட்டும்.
கீழ்த்தளம் எங்களுடையதில்லை.

முதலாளி பாண்டுரங்கன்
திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒன்பது வருஷம் இருந்தவர்.
எதற்கும் அங்கிருந்துதான் உதாரணம் எடுப்பார்.
‘இருபத்திரண்டாம் ரூம்ல ஒருத்தன் கள்ள நோட்டு அடிச்சான்.
போலீஸ் வந்துச்சு.
மேனேஜர்கிட்ட ரிஜிஸ்தர் கேட்டாங்க, சாவி கேட்டாங்க,
குடுத்தாரு.
அவ்ளோதான், மேன்ஷனையா இடிச்சாங்க?’

சாவி தர மாட்டேன்னு சொல்லியிருந்தா சார்?

‘அது வேற கதை’ என்று
டீ சொல்லப் போய்விட்டார்.

பதினேழில் இன்னும் இருநூற்றுப் பதினோரு பேர் குடியிருக்கிறார்கள்.
கொரட்டூர் ரத்ததானக் குழுவின் போன் நம்பர்கள்,
பாடியில் ஒரு பல் டாக்டர்,
ஒரு காதுகுத்துப் பத்திரிகை:
விழா முடிந்து நாலு வருஷம்,
இன்னும் ‘அனைவரும் வருக’ என்கிறது.
பிளக்கைப் பிடுங்கினால்
பல்வலிக்காரனுக்கும் இருட்டு.

எனக்குப் புரிந்த சட்டம் இவ்வளவுதான்:
தெரியாதவரை குற்றமில்லை.
தெரிந்த பிறகு சும்மா உட்கார்ந்திருந்தால் குற்றம்.
ஆகவே கடிதத்தைத் திறந்த என் விரல்தான்
கடிகாரத்தையும் முடுக்கியது.
திறக்காமலே இருந்திருக்கலாம்.
வயிற்றுவலி என்று லீவு போட்டிருக்கலாம்.

இணைப்பு உண்மைதானா, பார்க்க வேண்டும்.
பார்த்தேன்.
திரைக்கு முன்னால் யாரோ எழுந்து போகிறார்,
பாப்கார்ன் பொட்டலம் பிரிகிற சத்தம்,
அதற்கும் அப்பால், கோணலாக,
எண்ணூரில் மீன்கூடையோடு ஒருத்தி
பஸ்ஸுக்கு நிற்கிறாள்.
ஒரு பஸ் நிற்காமல் போகிறது.
ஒன்று நிற்கிறது, கண்டக்டர் கூடையைக் காட்டி விசில் ஊதுகிறார்.
வெயில் ஏறுகிறது, மீன் கெடுகிறது, அவள் நிற்கிறாள்.

சரிபார்க்கப் பத்து விநாடி போதும்.
பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது.

பெட்டியைத் தொடவில்லை.
அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்தேன்.
கோல்டு ஸ்டாரின் கதவைப் பூட்டினேன்.
பணம் வந்த வழி, வந்த நேரம்,
பொய்ப் பின்கோடு உட்பட
ரிஜிஸ்தரில் இருந்ததையெல்லாம் எழுதி அனுப்பினேன்.
சாவியைக் கொடுத்தாயிற்று.

சாயங்காலம் போன் வந்தது.
வக்கீல் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
தயாரிப்பாளர்.
தொண்டை கட்டிப்போயிருந்தது.

‘போயிடுச்சாம்மா?’
போயிடுச்சு சார்.
‘வேற எங்கயும் இல்லையே?’

கடலில் எத்தனை மீன் என்று
ராயபுரத்துப் படகையா கேட்பார்கள்?
எங்க எடத்துல இல்ல சார், என்றேன்.
அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம்.
வீட்டை அடமானம் வைத்தவர்கள்
போனை உடனே வைப்பதில்லை.

‘நீ பாத்தியா?’

சட்டம் எனக்குக் கொடுத்த குடையை
எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியவில்லை.
முழுசா இல்ல சார்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.
இருமினார்.

‘பஸ்ஸுல ஏறிட்டாளா?’
இன்னும் இல்ல சார்.
‘ஏறமாட்டா.
இடைவேளைக்கு அப்புறம்தான் பஸ் வரும்.’